பக்கத்து சீட்டு இல்லாதவர்கள்!

புத்தகத்தில் பிழை இருந்தால் எடிட்டரைத் திட்டுவோம். பிழையே இல்லையா? அப்படி ஒருத்தர் இருப்பதே தெரியாது!

அதிலும் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் ஃப்ரீலான்ஸ் எடிட்டர் பாடு திண்டாட்டம். எவ்வளவு கூலி கேட்கலாம், பணம் தராமல் இழுத்தடித்தால் என்ன செய்யலாம்... விசாரிக்கப் பக்கத்து சீட்டில் ஆள் ஏது?

பிரிட்டனில் இவர்கள் 1988-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பயிற்சி வகுப்பு, வருடாந்திர மாநாடு, ஊர்க் கூட்டங்கள் எல்லாம் உண்டு. 'மணிக்குக் குறைந்தது இவ்வளவு கேளுங்க' என்று ரேட்டையும் சங்கமே சொல்லிவிடுகிறது. 2019-ல் அரச சாசனம் கிடைத்து, 2020 முதல் 'சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எடிட்டிங் அண்ட் ப்ரூஃப்ரீடிங்' என்று கம்பீரப் பெயர்!

இந்த மாதிரிக் கூட்டங்களில் வகுப்பு முக்கியம். டீ பிரேக் அதைவிட முக்கியம். 'எனக்கு வேலை குவிஞ்சு கிடக்கு, நீங்க பண்றீங்களா?' என்று நாளைக்குப் போன் போடப் போகிறவர், டீக் கோப்பையோடு எதிரே நிற்கிற போட்டிக்காரராகவே இருக்கலாம்!