விலகத் தெரிந்த ஆசிரியர்

பள்ளி நேரத்துக்குப் பின் கட்டணம் செலுத்திப் பெறப்படும் பயிற்சியைக் கல்வியியலார் ‘நிழல் கல்வி’ என்பர். பள்ளியின் பாடத்திட்டம் மாறினால் தானும் மாறி, பொதுத்தேர்வின் போக்குக்கேற்பத் தன் போக்கையும் அமைத்துக்கொண்டு, பள்ளியைப் பின்தொடர்ந்தே அது இயங்குகிறது. மார்க் பிரே யுனெஸ்கோவுக்காக எழுதி 1999-இல் வெளிவந்த நூல், இத்துறையைக் கல்வித் திட்டமிடுவோரின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 2025-ஆம் ஆண்டில் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியப் பள்ளி மாணவர்களில் 27 விழுக்காட்டினர் அக்கல்வியாண்டில் தனிப்பயிற்சி பெற்றுள்ளனர். நகர்ப்புறத்தில் இது 30.7 விழுக்காடு, கிராமப்புறத்தில் 25.5 விழுக்காடு. பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் கிராமப்புறப் பிள்ளைகளிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல் டியூஷன் செல்வதாக 2022-ஆம் ஆண்டின் ‘அசர்’ கல்வி நிலை அறிக்கை கூறுகிறது. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளில் அந்த அளவுக்கு இல்லை எனினும், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நெருங்கும் வீடுகளில் ‘எந்த டியூஷன்?’ என்ற பேச்சு எழாமல் இருப்பது அரிது.

அப்பேச்சு பெரும்பாலும் சென்ற ஆண்டு எத்தனை பேர் சென்டம் வாங்கினர், மாதம் எவ்வளவு, ஒரு பேட்சில் எத்தனை பேர் என்பவற்றோடு நின்றுவிடுகிறது. இவற்றுள் பேட்சின் அளவைப் பற்றிய கேள்வியில் பொருள் உண்டு. சென்டத்தைப் பற்றிய கேள்வியில் அவ்வளவாக இல்லை. நூற்றுக்கு நூறு பெற்றவர்களுள் எத்தனை பேர் அங்குச் சேரும்போதே தொண்ணூறுக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தனர் என்பதை அந்த எண் சொல்வதில்லை. சில பயிற்சி மையங்கள் நுழைவுத் தேர்வு வைத்தே பிள்ளைகளைச் சேர்ப்பதால், அவற்றின் வெற்றியில் பெரும்பங்கு கற்பித்தலுக்கு உரியதன்று, தெரிவுக்கே உரியது. நாற்பதிலிருந்து அறுபத்தைந்துக்கு வந்த பிள்ளையின் படம் எந்த ஃபிளெக்ஸ் பலகையிலும் ஏறுவதில்லை. ஆனால் துணைநிற்கும் ஆசிரியர் ஒருவரைத் தேடும் குடும்பத்துக்குத் தேவைப்படும் சான்று அந்தப் பிள்ளைதான்.

தனிப்பயிற்சியின் ஆற்றலைப் பற்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரை. ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், ஒரு பகுதியை முழுதும் கற்றபின்னரே அடுத்த பகுதிக்குச் செல்லுமாறு பயிற்றப்பட்ட மாணவர்கள், வழக்கமான வகுப்பில் கற்றவர்களைவிட இரண்டு திட்ட விலக்க அளவு முன்னேறியதாக அவர் எழுதினார். திட்ட விலக்கம் என்பது ஒரு குழுவின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் புள்ளியியல் அளவு. இரண்டு திட்ட விலக்க முன்னேற்றம் எனில், தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர் வகுப்பறையில் கற்றோருள் 98 விழுக்காட்டினரைத் தாண்டி நிற்கிறார் என்று பொருள். பின்னாளில் இம்முடிவு மிகையானது என்பது தெளிவாயிற்று. மனிதர் அளிக்கும் தனிப்பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் மதிப்பிட்ட குர்ட் வான்லேன் கண்ட அளவு 0.79 மட்டுமே. பாதிக்கும் குறைவு என்றாலும் கல்வித்துறையில் இது சிறிய பயன் அன்று. தனிப்பயிற்சி உதவுகிறதா என்பதில் ஐயமில்லை; அதனுள் இருக்கும் எது உதவுகிறது என்பதுதான் ஆராயத்தக்கது.

பொதுவாகக் கருதப்படுவது, நன்றாக விளக்கிச் சொல்பவரே நல்ல ஆசிரியர் என்பது. மிஷலின் சீயும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. பயிற்றுநர்கள் விளக்கம் தரவோ விடை சரியா தவறா என்று சொல்லவோ கூடாது, மாணவரைப் பேசவும் சிந்திக்கவும் தூண்டும் கேள்விகளை மட்டுமே கேட்கலாம் என்று அவர்கள் கட்டுப்படுத்திப் பார்த்தபோது, மாணவர்கள் கற்றதில் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் காணப்படவில்லை. மிகச் சிறந்த பயிற்றுநர்களின் நடைமுறையைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்த மார்க் லெப்பர், அவர்கள் கட்டளையிடுவதைவிடக் கேள்வி கேட்பதே அதிகம் என்றும், பிழையை நேரடியாகச் சுட்டாமல் அது வெளிப்படும் இடத்துக்கு மாணவரையே அழைத்துச் செல்கின்றனர் என்றும், ஆளைப் புகழ்வதில் மிகவும் சிக்கனம் காட்டுகின்றனர் என்றும் கண்டார். கடைசியாகச் சொன்னது பலருக்கு வியப்பளிக்கலாம். ‘சூப்பர், வெரி குட்’ என்று ஓயாமல் சொல்பவரே ஊக்கமளிக்கும் ஆசிரியர் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியுள்ளது. ஆனால் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் புகழப்பெற்ற பிள்ளைகள் அடுத்து ஒரு தோல்வியைச் சந்தித்தவுடன் ஆர்வம் குன்றினர். முயற்சியைப் புகழப்பெற்றவர்களோ விடாது தொடர்ந்தனர்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான கோட்பாட்டை டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரையில் காணலாம். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரத்துண்டுகளை இணைத்துக் கூம்பகம் ஒன்றைக் கட்டும்போது பயிற்றுநர் எப்போது உதவுகிறார், எப்போது கையை மடக்கிக்கொள்கிறார் என்பதைக் கவனித்த அவர்கள், அவ்வுதவிக்குக் கட்டட வேலையில் கட்டப்படும் சாரத்தின் பெயரை வைத்தனர். குழந்தை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டுவதும், வெற்றி பெற்றால் உடனே ஒரு படி குறைப்பதும் அவ்வுதவியின் இயல்பு. கூட்டுவது பெரும்பாலான ஆசிரியர்களுக்கு எளிதில் கைவரும். குறைப்பதற்குத்தான் பொறுமையும், மாணவர் எங்கே நிற்கிறார் என்ற துல்லியமான அறிவும் வேண்டும். சுவர் காய்ந்த பின்னும் சாரத்தைப் பிரிக்காத கொத்தனாரைப் போல் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவு உதவியைத் தொடரும் பயிற்சி, தேர்வில் மதிப்பெண் தரக்கூடும். ஆனால் அது தன்னைத் துணை என்று சொல்லிக்கொள்ள இயலாது.

ஒரு சிறு கணக்கு இவ்வேறுபாட்டை விளக்கப் போதுமானது. (a+b)² என்பதை a²+b² என்று எழுதுவது ஒன்பதாம் வகுப்பில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. ஒருவகை ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, நடுவில் 2ab சேர்த்து, சூத்திரத்தைப் பத்துமுறை எழுதிவரச் சொல்வார்; மற்றொரு வகை ஆசிரியர், a-க்கு 2, b-க்கு 3 என்று வைத்து இரண்டு பக்கத்தையும் கணக்கிடச் சொல்லிவிட்டு அமைதியாக இருப்பார். ஒரு பக்கம் 25, மறுபக்கம் 13 என்று வரும்போது பிழை மாணவரின் கண்ணுக்கே தெரிகிறது. விடுபட்ட 12 எங்கே போயிற்று என்ற கேள்வி அவருக்குள் தானாக எழுகிறது. ஒரு சதுரத்தை வரைந்து நான்காகப் பிரித்துப் பார்த்தால் தலா 6 அலகு கொண்ட இரண்டு செவ்வகங்களில் அந்த விடையும் கிடைத்துவிடுகிறது. முதல்வகை ஆசிரியருக்கு இரண்டு நிமிடம் ஆகிறது, இரண்டாம்வகை ஆசிரியருக்குப் பதினைந்து நிமிடம் ஆகலாம். ‘போர்ஷன்’ முடிப்பதையே அளவுகோலாகக் கொண்ட பெற்றோர் முன்னவரைத்தான் சுறுசுறுப்பானவர் என்பர்.

ஆகவே ‘டெமோ கிளாஸ்’ எனப்படும் முதல்நாள் வகுப்பில் ஆசிரியரின் பேச்சுவன்மையைக் கவனிப்பதைவிட, ஒரு மணிநேரத்தில் பேனா யார் கையில் அதிக நேரம் இருந்தது என்பதைக் கவனிப்பது மேல். மாணவர் தவறாகச் சொன்னபின் ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார், ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்கிறாரா, அல்லது ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்கிறாரா என்பவை பட்டச் சான்றிதழைவிட அதிகம் சொல்லும். புதிதாக வரும் பிள்ளையின் பழைய விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஆசிரியர் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. எதையும் பார்க்காமல் முதல் பாடத்தின் ‘புக் பேக்’ வினாக்களிலிருந்து தொடங்குபவர், எதிரில் இருக்கும் பிள்ளைக்குக் கற்பிக்கவில்லை, பாடநூலுக்குக் கற்பிக்கிறார்.

பிள்ளையின் தடை எத்தகையது என்பதை அறியாமல் ஆசிரியரைத் தேடுவதும் வீண்செலவாகும். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தடுமாறும் பிள்ளை உண்மையில் ஆறாம் வகுப்புப் பின்னங்களில் நின்றுபோயிருக்கலாம். அவ்வாறெனில் நான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வெட்கப்படாத ஆசிரியரும், அதைப் பொறுத்துக்கொள்ளும் பெற்றோரும் தேவை. தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்துப் பதினோராம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறும் மாணவரின் சிக்கல் இன்னும் தனித்தன்மை உடையது. முடுக்கம், உந்தம், சவ்வூடு பரவல் ஆகியவற்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர், அவற்றையே வேறு பெயர்களில் கேட்கும்போது ஒன்றும் அறியாதவர் போல் அமர்ந்திருக்க நேர்கிறது. அவருக்குக் குறைவது அறிவியல் அறிவு அன்று. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் ஆசிரியரைத் தேடி ஓடும் பெற்றோர் இங்கேதான் பெரிதும் தவறுகின்றனர். கருத்தைத் தமிழில் பேசவைத்து, அதன்பின் ஆங்கிலச் சொல்லைப் பொருத்தி, முதல் சில மாதங்கள் இரு மொழியிலும் விடை எழுதவிடும் ஆசிரியரே அத்தகைய மாணவருக்கு உற்ற துணை. மூன்றாவது வகைத் தடையை டியூஷன் தீர்க்காது. நன்றாகப் பேசியும் கேட்டும் புரிந்துகொள்ளும் பிள்ளை, எழுத்துக்கூட்டி வாசிப்பதில் மட்டும் வயதுக்குப் பொருந்தாத அளவு பின்தங்கினால், அது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கக்கூடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. உரிய மதிப்பீட்டுச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் பெற வழியுண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் இப்பணியில் நீண்ட காலமாக ஈடுபட்டுள்ளன. இத்தகைய பிள்ளையைக் கூடுதலாக ஒரு பேட்சில் சேர்ப்பது, அதன் துன்பத்தைக் கூடுதலாக ஒரு மணிநேரம் நீட்டிப்பதே ஆகும்.

பிள்ளையின் பள்ளி ஆசிரியரிடமே டியூஷன் சேர்த்துவிடுவது பாதுகாப்பானது என்று கருதும் குடும்பங்கள் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, வகுப்பில் சொல்ல வேண்டியதை மாலைக்கு ஒதுக்கிவைக்கும் ஆசை எழுவதற்கு அவ்வேற்பாடு இடமளிக்கிறது. பயிற்சி மையங்களுக்கென ஒன்றிய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, மதிப்பெண்ணுக்கோ ரேங்குக்கோ உத்தரவாதம் தந்து ஈர்க்கக் கூடாது, இடையில் விலகுவோருக்கு எஞ்சிய காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கூறுகின்றன. எனினும் ஐம்பது பேருக்கு மேல் பயிலும் இடத்தையே அவை மையம் எனக் கொள்வதால், மாடி அறையில் பத்துப் பேருக்கு நடக்கும் டியூஷனும் வீடு தேடி வரும் ஆசிரியரும் அவற்றின் வரம்புக்குள் வருவதில்லை. ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதந்தோறும் செலுத்துவதும், கதவு திறந்திருக்கும் கூடத்தில் வகுப்பு நடப்பதும், ஆசிரியர் பற்றிப் பிள்ளை சொல்லும் எதையும் ‘படிக்கச் சோம்பல்’ என்று தள்ளிவிடாமல் கேட்பதும் ஆகிய காவல்கள் பெற்றோர் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளன. பிள்ளையின் பாதுகாப்பில் ஐயம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உண்டு.

பணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு இவையெல்லாம் எட்டாதவை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் மரக்காணம் ஒன்றியத்தில் தொடங்கிவைத்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணிநேரம் வரை கற்பித்தனர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆராய்ந்த அபிஜீத் சிங், மொரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அம்மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் கணித்தனர். இதற்கும் முன்பே மும்பையிலும் வதோதராவிலும் ‘பால்சகி’ என்ற பெயரில், பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுக்களாக நாளுக்கு இரண்டு மணிநேரம் பயிற்றியதன் பயனை, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் 2007-இல் ஆய்வாக வெளியிட்டனர். மிகவும் பின்தங்கியிருந்தவர்களே அதில் மிகுதியாக முன்னேறினர். முதுகலைப் பட்டமும் இருபது ஆண்டு அனுபவமும் உடையவரைத் தேடி நகரின் மறுகோடிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பம், அடுத்த தெருவில் கல்லூரியில் படிக்கும் பெண்ணைக் கருதிப் பார்ப்பதே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் இயற்பியலுக்கு அவர் போதாமல் போகலாம். ஏழாம் வகுப்பின் பின்னங்களுக்கு, அண்மையில் அவற்றோடு மல்லாடிய நினைவு அவருக்கு ஒரு தகுதியே.

எத்தகைய ஆசிரியர் அமைந்தாலும், டியூஷன் எப்போது நிற்கும் என்ற பேச்சைச் சேரும் நாளிலேயே தொடங்கிவிடுவது நல்லது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, டியூஷனில் நடத்தாத ஒரு பாடத்தைப் பிள்ளை தானே வாசித்து எத்தனை கணக்குகளைத் துணையின்றிப் போட முடிகிறது என்று பார்த்தால், மாதாந்திரத் தேர்வு மதிப்பெண் காட்டாத நிலை புலப்படும். அந்த எண்ணிக்கை கூடிவரும்போது வாரத்தில் ஐந்து நாள் வகுப்பை மூன்றாகவும் பின்னர் ஒன்றாகவும் குறைக்கலாம். அந்த ஒரு நாளும் மாணவர் கொண்டுவரும் ஐயங்களுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். நாளைக் குறைத்தால் தம் வருமானமும் குறையும் என்பதால், இதைத் தாமாக முன்மொழியும் ஆசிரியர்கள் மிகச் சிலரே. முன்மொழியாதவர்களைக் குறைகூறுவதற்கில்லை. மாதக் கட்டணத்தை நம்பி வாழ்பவரிடம் மாணவரை விரைவில் அனுப்பிவிட வேண்டும் என எதிர்பார்க்கும் பெற்றோர், நாட்களைக் குறைத்த பின்னும் ஓரிரு மாதங்களுக்கு முழுக் கட்டணத்தையே கொடுக்க முன்வந்தால், அப்பேச்சு இரு தரப்புக்கும் எளிதாகும்.