தங்கவயலும் மின்சாரப் பாடமும்

மின்சாரம் எங்ஙனம் உண்டாகிறது என்று மாணாக்கரை வினவினால், பெரும்பாலோர் பாடப்புத்தக விடையைத் தடையின்றி ஒப்புவிப்பர். ஆனால் ஒரு கம்பிச் சுருளையும் காந்தத்தையும் கையில் கொடுத்தால் பலர் திகைத்து நிற்பர். இக்குறையைப் போக்க வல்லது செய்து கற்கும் முறையே. அதற்கு ராபர்ட்சன்பேட்டையைப்போல் பொருத்தமான ஊர்கள் மிகச் சிலவே.

கோலார் தங்கவயலின் சுரங்க இயந்திரங்கள் முதலில் நீராவியால் இயங்கின. அதன் பொருட்டு விறகும் நிலக்கரியும் பெருமளவில் எரிக்கப்பட்டன. மைசூர்த் திவான் சர் கே. சேஷாத்திரி ஐயர் ஆதரவில் உருவான திட்டத்தின்படி, சிவசமுத்திரத்தில் வீழும் காவிரி நீரால் மின்சாரம் ஆக்கப்பட்டு, 1902-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்றாகும். பெங்களூருக்கு மின்விளக்கு 1905-இல்தான் வந்தது.

இவ்வரலாற்றை மூன்று எளிய சோதனைகளால் வகுப்பறைக்குள் கொண்டுவரலாம்.

முதலாவது, பழைய சைக்கிள் டைனமோ. சக்கரத்தைக் கையால் சுழற்றினால் விளக்கு எரியும். விளக்கை இணைக்கும்போது சக்கரம் சற்றுக் கனப்பதை மாணாக்கர் தம் கையாலேயே உணர்வர். மின்சக்தி வெறுமையிலிருந்து தோன்றுவதன்று. கையின் உழைப்பே ஒளியாக மாறுகிறது. சிவசமுத்திரத்தில் அவ்வுழைப்பைச் செய்தது வீழும் நீர்.

இரண்டாவது, கம்பியின் தடை. இரண்டு டார்ச் மின்கலங்களையும் ஒரு சிறு பல்பையும் குட்டையான கம்பியால் இணைத்து ஒளியைக் கவனிக்க வேண்டும். பின்னர் இருபது மீட்டர் மெல்லிய செம்புக் கம்பியின் முனைகளிலுள்ள எனாமல் பூச்சைச் சுரண்டிவிட்டு, அதன் வழியே இணைக்க வேண்டும். என்ன நேரும் என்பதை முன்னதாகவே ஒவ்வொருவரும் எழுதி வைத்தல் நன்று. ஒளி மங்கும். இருபது மீட்டரிலேயே இவ்வாறாயின், 147 கிலோமீட்டரில் என்னாகும்? இக்கேள்வி எழுந்த பிறகே விடையைக் கூறவேண்டும். கம்பியில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே சக்தியை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். இழப்போ நூறில் ஒரு பங்காகிவிடும். மின்மாற்றி வேண்டப்படுவது இதற்காகவே.

மூன்றாவது, சூரிய மின்தகடு. அதனோடு இணைத்த சிறு மின்விசிறி வெயிலில் சுழலும். கையால் மறைத்தால் நின்றுவிடும். சக்தியைச் சேமித்து வைப்பது ஏன் என்பது இதனால் விளங்கும். கோடையில் காவிரி இளைத்தபோது சுரங்கங்களுக்கும் இதே இடர் நேர்ந்தது. விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது 1911-இல் தொடங்கப்பெற்ற கிருஷ்ணராஜ சாகர் அணையின் நோக்கங்களுள், பாசனத்துடன் தடையற்ற மின்சாரமும் ஒன்று. அணை நீரைச் சேமித்த பணியை, சூரிய சக்திக்கு இன்று மின்கலங்கள் செய்கின்றன.

இச்சோதனைகளில் மின்கலங்களையும் சிறு டைனமோவையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்னிணைப்பைத் தொடவே கூடாது.

மின்சாரம் நிற்பது தங்கவயலில் சிறு செய்தியன்று. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற அச்சுரங்கங்களில் இடைவிடாது நீர் இறைக்கவேண்டியிருந்தது. 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டு இறைப்பு நின்றபின், ஆழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. அங்கு உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று வேலை நாடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். தங்கம் எடுக்கும் தொழில் அவர்களுக்கு இல்லை. ஆயினும் தம் முன்னோரின் இயந்திரங்களை இயக்கிய சக்தியின் இயல்பைக் கையால் செய்து கற்ற அறிவு அவர்களுக்கு எந்தத் தொழிலிலும் துணை நிற்கும். அதனை அளிப்பது பள்ளிகளின் கடமையாகும்.