ஊன ஓய்வூதியம்: தீர்ப்பு வந்த பிறகும் ஏன் இத்தனை தாமதம்?

ராணுவத்தில் ஆள் எடுக்கும்போது நெஞ்சளவு, பார்வை, காது, பாதம், பல் என்று ஒன்று விடாமல் பார்க்கிறார்கள். குறை தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் தேறிப் போனவர் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து ரத்த அழுத்தத்தோடோ வலிப்போடோ முதுகுத்தண்டுக் கோளாறோடோ வெளியே வருகிறார். அப்போது அதே ராணுவத்தின் மருத்துவ போர்டு, ‘நோய் பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதுமல்ல’ என்று எழுதிவிடுகிறது. டிஸபிலிட்டி பென்ஷன் கேட்டு அலையும் முன்னாள் ராணுவத்தினர் பலரின் மனு நிற்பது இந்த ஒரு வரியில்தான்.

திருவனந்தபுரத்துக்கும் பட்டாளத்துக்கும் உறவு பழையது. திருவிதாங்கூர் சமஸ்தானப் படையிலிருந்து வந்த பட்டாலியன்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இன்றும் இருக்கின்றன. பாங்கோட்டில் ராணுவ முகாமும் மருத்துவமனையும் உண்டு. மாவட்ட சைனிக் நல அலுவலகம் வஞ்சியூரில் இருக்கிறது. 1956 வரை இதே நிலப்பரப்போடு சேர்ந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் பலர். எல்லையின் இரு பக்கமும் மனுவின் பாதை ஒன்றுதான்.

முதலில் விதி. பணியால் ஏற்பட்ட, அல்லது பணியால் அதிகரித்த ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வழக்கமான பென்ஷனுக்கு மேல் ஊனத்துக்கான பங்கு சேரும். நூறு சதவீத ஊனத்துக்கு அது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12,000. இருபது சதவீத ஊனத்துக்கு 2,400 மட்டுமே. ஆனால் 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதன்படி அந்த 2,400 ரூபாய் 6,000 ஆகும். பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை என்று அரசு பல ஆண்டுகள் வாதாடியது. முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

மனு போகும் வழி நீளமானது. மருத்துவ போர்டின் அறிக்கை ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரருக்கு அது நீலகிரியில் வெலிங்டன், சிக்னல்ஸ்காரருக்கு ஜபல்பூர். பென்ஷன் ஆணை வருவது பிரயாக்ராஜிலிருந்து. மறுத்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது, அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். ‘ஸ்பர்ஷ்’ இணையதளம் வந்து பென்ஷன் கணினிக்குள் போய்விட்டது. ஆனால் மறுப்பை எழுதும் கை மாறவில்லை. தாமதம் பிறப்பது அங்கேதான்.

தரம்வீர் சிங்கின் கதையைப் பாருங்கள். 1985-ல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 20 சதவீத ஊனத்தோடு 1994-ல் வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்து அதைக் கவிழ்த்தது. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற நாள் 2013 ஜூலை 2. பத்தொன்பது ஆண்டுகள்! இத்தனைக்கும் நீதிமன்றம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அரசே 1982-ல் எழுதிய விதிகளை எடுத்துப் படித்துக் காட்டியது, அவ்வளவுதான். சேரும்போது நோய் என்று ஏதும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடலோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயின் தலையில் இல்லை. சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. தொடர்பில்லை என்று சொல்லும் போர்டு அதற்குக் காரணமும் எழுத வேண்டும். 2015-ல் ராஜ்பீர் சிங் வழக்கில் இன்னும் பலருக்கு இதே தீர்ப்பு கிடைத்தது. அதே ஆண்டு, பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழுவும் இத்தகைய மேல்முறையீடுகளைக் கைவிடச் சொன்னது.

பிறகும் ஏன் ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்காட வேண்டியிருக்கிறது? ஒருவருக்குக் கிடைத்த தீர்ப்பை ரெக்கார்ட் ஆபீஸ் அடுத்தவருக்குத் தானாகப் பொருத்துவதில்லை. அரசின் கவலையும் ஒன்று உண்டு. ஓய்வு பெறும் அதிகாரிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஊனப் பங்கு பெறுவதையும், சிப்பாய்கள் மத்தியில் அந்த விகிதம் அதில் பாதி அளவிலேயே இருப்பதையும் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. 2023 செப்டம்பரில் புதிய, இறுக்கமான விதிகள் வந்தன. தவறாகப் பயன்படுத்துவோரைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கைப் படித்தால் சலுகை குறைவாகப் போய்ச் சேருவது சிப்பாய்க்கு என்றுதான் தெரிகிறது. இறுக்கிப் பிடித்தால் முதலில் நசுங்குபவரும் வக்கீல் வைக்க வசதியில்லாத அவர்தான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தாமதம் பணத்தையும் தின்கிறது. 1983-ல் வெளியேறிய தர்செம் சிங் 1999-ல்தான் வழக்குப் போட்டார். வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவை மட்டும் போதும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன. 2005-ல் ஓய்வு பெற்று 2025-ல் மனுப் போட்டவர் ஜெயித்தாலும், இடைப்பட்ட 17 ஆண்டுகளின் பணம் போனதுதான். அது போதாதென்று 2008 விதிகள், ஓய்வு பெற்று 15 ஆண்டு கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பையும் மனுதாரர் மேல் போடுகின்றன. அலுவலகம் இழுத்தடித்த காலத்துக்கும், விவரம் தெரியாமல் சும்மா இருந்த காலத்துக்கும் விலை கொடுப்பவர் முதியவர்தான்.

தூரமும் ஒரு சுமை. கேரளத்துக்கும் லட்சத்தீவுக்கும் தீர்ப்பாயத்தின் அமர்வு கொச்சியில். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். நாகர்கோவில்காரருக்கு வழக்கமாகச் சென்னை அமர்வு; அது சுமார் 700 கிலோமீட்டர். பக்கவாதம் வந்தவரும் முதுகு ஒடிந்தவரும் தேதிக்குத் தேதி போக வேண்டிய தூரம் இது. தீர்ப்பாயத்தில் ஜெயித்தாலும் அரசு உயர் நீதிமன்றம் போகலாம் என்பதை 2023 மார்ச்சில் பரசோத்தம் தாஸ் வழக்கு உறுதிசெய்தது. அந்தக் கதவு சிப்பாய்க்கும் திறந்திருக்கிறது என்பது மட்டும் ஆறுதல்.

மனுப் போடுகிறவர் முதலில் தேட வேண்டியது வெளியேறும்போது நடந்த மருத்துவ போர்டின் முழு அறிக்கை. கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீசிடம் கேட்டுப் பெறலாம். அதில் நோய்க்கான காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, வெறும் மறுப்பு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே என்று எழுதி, அதே ஊனத்தைக் காரணம் காட்டிப் பணியிலிருந்தும் வெளியேற்றியிருந்தால் 2014-ன் சுக்விந்தர் சிங் தீர்ப்பு உதவும். அப்படி வெளியேற்றினாலே ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்று கொள்ள வேண்டும் என்கிறது அது. அந்தத் தீர்ப்பின் நகலை மனுவோடு சேர்த்தே அனுப்புவது நல்லது.