முதல் களம் சொல்வது பாதிதான்

செஞ்சிக் கோட்டையை 1677-இல் பிடித்தவர் சிவாஜி. எட்டாண்டு முகலாய முற்றுகையை அதற்குள் இருந்தபடி எதிர்கொண்டவர் அவர் மகன் இராஜாராம். ஆனாலும் மக்கள் நாவில் நிற்கும் பெயர் தேசிங்கு ராஜன். தந்தை சொரூப்சிங்குக்குப் பின் பொறுப்பேற்ற அதே 1714-இல், அக்டோபரில், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இருபத்திரண்டு வயதளவில் மடிந்த இளைஞர் அவர். செஞ்சியின் தலைவராக அவர் கண்ட பெரும்போர் அது ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்தே கதைப்பாடல் அவரை மாவீரன் என்கிறது. அவசரக்காரர் என்று ஒதுக்குவோரும் உண்டு. இன்றைக்கும் ஓர் இளம் ஆட்டக்காரரின் முதல் டெஸ்ட் முடிந்த மாலையே ‘அடுத்த சச்சின்’ என்றோ ‘தேறமாட்டான்’ என்றோ தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இரண்டிலும் உள்ள பிழை ஒன்றே. முதல் களம் ஒருவரின் மனத்திடத்தைக் காட்டும். திறமையின் அளவைக் காட்டாது.

தேசிங்கையே எடுத்துக்கொள்வோம். பழைய வரி பாக்கியை நவாப் கேட்டார், இவர் மறுத்தார். நவாபிடம் பல்லாயிரம் பேர், இவரிடம் சில நூறு பேர். இந்தக் கணக்கில் வந்த தோல்வி, அவருடைய போர்த்திறனைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லிவிடாது. அவர் கையில் இருந்தது என்ன முடிவெடுப்பது என்பது மட்டுமே. எட்டாண்டு தாக்குப்பிடித்த கோட்டையை விட்டு ஏன் வெளியே வந்தார் என்று கேட்பது நியாயம். ஆனால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் வளைத்து ஓடும் மதிலைக் காக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். இராஜாராமுக்காக மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியே நின்று முகலாயர்களை அலைக்கழித்தார்கள். தேசிங்குக்கு அப்படியொரு துணைப்படை இல்லை. அவர் உள்ளே இருந்திருந்தால் வென்றிருப்பார் என்பதும் உறுதியில்லை.

கிரிக்கெட் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டுகளை 136 ரன்களுக்குச் சாய்த்தார். பந்து தாறுமாறாகத் திரும்பிய ஆடுகளம் அது. அவருடைய டெஸ்ட் வாழ்க்கை 17 ஆட்டங்களில் முடிந்தது. மொத்தம் 66 விக்கெட். நான்கு ஆண்டுகள் கழித்து சிட்னியில் அறிமுகமான ஷேன் வார்ன், இந்தியாவுக்கு எதிராக 150 ரன் கொடுத்து எடுத்தது ஒரே விக்கெட். அவர் 708-இல் போய்த்தான் நின்றார். கிரிக்கெட்டுக்கு வெளியேயும் இதே கதைதான். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அந்த இடத்தில் ஆடிய பெய்டன் மானிங் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த 1998-இல், அவர் எறிந்த பந்துகளில் 28 எதிரணியின் கைக்குப் போயின. பின்னாளில் ஐந்து முறை ஆண்டின் சிறந்த வீரர் விருது பெற்றவரும் அவர்தான்.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் ஆயிற்றே’ என்று கேட்கலாம். பானையிலுள்ள அரிசியெல்லாம் ஒரே நெருப்பில், ஒரே நீரில் வேகிறது. அதனால் அங்கே அது சரி. முதல் ஆட்டத்தின் ஆடுகளமும் எதிரணியும் பதற்றமும் அடுத்த ஆட்டத்தில் அப்படியே திரும்புவதில்லை. ‘தேர்வாளர்கள் எத்தனை நாள் காத்திருப்பது, வெளியே நிற்பவனுக்கும் வாய்ப்பு வேண்டாமா?’ என்பது இதைவிட வலுவான கேள்வி. காலவரையின்றிக் காத்திருக்கச் சொல்லவில்லை. முதல் நாளில் எண்ணிக்கையைப் பார்க்காமல், பந்தைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் அடிவாங்கிய பின் அடுத்த பந்தில் நடந்துகொண்ட விதத்தையும் பார்க்கலாம். 2025 ஜூனில் லீட்ஸில் அறிமுகமான சாய் சுதர்சன் முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், அடுத்ததில் 30. அதே தொடரில் மான்செஸ்டரில் 61 எடுத்தார். பூஜ்யத்தோடு தீர்ப்பை முடித்திருந்தால் அந்த 61 கணக்கில் வந்திருக்காது.

எனவே தேசிங்கு அஞ்சாதவர் என்பதை ஒரு போரே நிறுவிவிட்டது. நல்ல தளபதியா என்பது நிறுவப்படாமலே போயிற்று. போர்க்களம் அவருக்கு இரண்டாவது வாய்ப்பைத் தரவில்லை. விளையாட்டுக் களம் தரும். தேர்வாளர்களும் பயிற்சியாளர்களும் ரசிகர்களும், ஓர் இளைஞருக்கு ஒரு தொடராவது முழுதாகக் கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.