குறியேற்ற மாற்றமும் பாடச்செம்மையும்: காலமுறை குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரு மென்பொருள் திட்டம் தன் நிரல்களைப் பழைய சேமிப்பகத்திலிருந்து புதியதொன்றுக்கு மாற்றும்போது, நிரலில் தேங்கிய குறைகளையும் உடன் களைந்துவிடலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. எல்லாக் கோப்புகளையும் எப்படியும் கையாள வேண்டியுள்ளது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். தமிழ் மின்னூல்கள் ஒருங்குறிக்கு மாறும்போதும் இவ்வெண்ணமே எழுகிறது. செம்மைப் பணியில் எது மாற்றத்திற்கு முன்னர், எது பின்னர் நிகழ வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மென்பொருள் நெறி

இடமாற்றத்தின்பின் நிரல் பிழைபட்டால், பிழைக்குக் காரணம் புதிய இடமா, புதிய திருத்தமா என்று அறிய வேண்டும். இரண்டும் ஒருசேர நிகழ்ந்திருப்பின் அதனைப் பிரித்தறிதல் அரிது. மேலும், ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினர் என்னும் வரலாறு நிரலோடு சேர்த்துக் காக்கப்படுகிறது. வரியமைப்பை மட்டும் சீர்செய்தவர் பெயரே எல்லா வரிகளிலும் பதிவாகிவிட்டால் அவ்வரலாறு மறைந்துபோகும். சீரமைப்புப் பதிவுகளை மட்டும் விலக்கிவிட்டு வரலாற்றைக் காணும் வசதி, ‘கிட்’ மென்பொருளில் 2019ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. சீரமைப்பு தனிப் பதிவாக இருந்தாலன்றி இவ்வசதி பயன்படாது.

தமிழ்க் குறியேற்றங்கள்

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரை மின்தொகுப்புத் திட்டம், திஸ்கி குறியேற்றத்தில் நூல்களை வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. திஸ்கி எழுத்தின் வரிவடிவத்தைக் குறிப்பது. கண்ணிற்படும் வரிசையிலேயே குறிகளை அமைப்பது. ஒருங்குறியோ மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைப்பது. ‘வாடிப்பட்டி’ என்பது திஸ்கியில் 7 குறிகள், ஒருங்குறியில் 11. இங்கு எண்ணிக்கை மட்டுமே மாறுகிறது. ‘மதுரை’ என்னும் சொல்லிலோ வரிசையும் மாறுகிறது: திஸ்கியில் ரகரத்திற்கு முன்னிற்கும் ஐகாரக் குறி, ஒருங்குறியில் அதன் பின்னே செல்கிறது.

மாற்றத்திற்கு முன்

மாற்றியபின் சான்று அழிந்துவிடும் குறைகளை மட்டுமே முன்னர்க் களைதல் வேண்டும். ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருக்களில், ஒரு சொல் ஆங்கிலமா தமிழா என்பதை எழுத்துருக் குறிப்பே உணர்த்தும். அக்குறிப்பு நீங்கினால் ஆங்கிலச் சொல் பொருளற்ற தமிழ் எழுத்துக்கோவையாகிவிடும். மெய்யின்றித் தனித்து நிற்கும் கொம்பு முதலியனவும் இவ்வகையின.

மாற்றத்தின்போது

இந்நிலையில் எத்திருத்தமும் கூடாது. ‘ஔவை’ என்பதனை ‘ஒளவை’ எனத் தட்டெழுதும் வழக்கத்தைக் கருதி, ஒகரமும் ளகரமும் அடுத்துவரின் ஔகாரமாக்குக என மாற்றியில் ஒரு விதி சேர்த்தால், ‘ஒளி’ என்னும் சொல்லும் சிதையும். விதி ஏதும் சேராத மாற்றத்தை, ஒருங்குறிப் பாடத்தைத் திஸ்கிக்கே மீள மாற்றி மூலத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம். இடையில் ஓரெழுத்தைத் திருத்தினாலும் அச்சோதனை தூய விடை தராது.

மாற்றத்திற்குப் பின்

‘ஒளவை’ போன்ற வடிவங்களும், காலுக்கு ரகரம் இடம்பெற்ற பிழைகளும், சீர் பிரிப்பும், பாடவேறுபாடும் இங்கே இடம்பெற வேண்டியவை. ஒவ்வொன்றையும் சொற்பட்டியலோடும் அச்சு மூலத்தோடும் ஒப்பிட்டுத் திருத்தி, திருத்தத்தைத் தனியே பதிவுசெய்யலாம்.

பதிப்பியலார்க்கு இந்நெறி புதிதன்று. புள்ளியின்றியும் காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடின்றியும் எழுதப்பட்ட ஏட்டைப் பெயர்த்தெழுதுவது ஒரு பணி. பாடத்தைத் தெரிவுசெய்வது மற்றொரு பணி. இரண்டையும் ஒன்றாக்கியவரின் படியில், ஏட்டில் இருந்தது எது, அவர் கருதியது எது என்பது பின்வருவோர்க்கு விளங்காது.

முடிவுரை

சொல்லடைவும் சொல்லெண்ணிக்கையும் இன்று மின்பாடங்களை நம்பியே உருவாகின்றன. ஓர் அரிய சொல்வடிவம் ஆய்வாளர் கண்ணிற்படும்போது, அது புலவர் வழக்கா, தட்டெழுத்துப் பிழையா, மாற்றி விளைத்த சிதைவா என்று அறிய வழியிருத்தல் வேண்டும். மாற்றத்தையும் செம்மையையும் வெவ்வேறு படிகளாக்கி, திருத்தம் பெறாத முதற்படியையும் காத்து வைப்பதே அவ்வழியாகும். செம்மை சற்றுத் தாழ்க்கலாம்; மூலம் எதுவென அறியும் வாய்ப்பை இழந்தால் மீட்டல் அரிது.