கட்டியைக் கண்டு கலங்க வேண்டாம்

சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர். அவருடைய வலது தோளில் ஒரு கட்டி. முதலில் சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. ஏழெட்டு வருஷத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வலி இல்லை. ஆனால் மூட்டையை வைத்தால் கட்டி அழுந்தும். அதனால் இடது தோளிலேயே சுமப்பார்.

"ஆஸ்பத்திரியில் காட்டினால் என்ன?" என்று மனைவி கேட்பார்.

"வேண்டாம். கத்தி பட்டால் புற்றுநோயாக மாறிவிடுமாம்" என்பார் அவர்.

இப்படிப் பயப்படுகிறவர்கள் பலர். இந்தப் பயம் சரிதானா? பார்ப்போம்.

கட்டி எப்படி வருகிறது?

நம் தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கிறது. சிலருக்கு அது ஓரிடத்தில் சேர்ந்து உருண்டையாக வளரும். இதுதான் கொழுப்புக் கட்டி. தொட்டால் மெத்தென்று இருக்கும். விரலால் தள்ளினால் நழுவும். தோள், முதுகு, கழுத்து, கை, தொடை ஆகிய இடங்களில் வரும்.

இன்னொரு வகைக் கட்டியும் உண்டு. அதற்குள் ஒரு சிறு பை இருக்கும். பைக்குள் வெள்ளை மாவு போன்ற பொருள் இருக்கும். அது நாற்றம் அடிக்கும். கட்டியைப் பிதுக்கினால் மாவு வெளியே வரும். ஆனால் பை உள்ளேயே இருக்கும். மறுபடியும் நிரம்பிவிடும். சீழும் பிடிக்கலாம்.

இந்த இரண்டும் தீங்கில்லாத கட்டிகள். இவை புற்றுநோய் அல்ல. மற்றவர்களுக்குத் தொற்றாது. தொந்தரவு இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் இது எந்தக் கட்டி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கத்தி பட்டால் ஆபத்தா?

இல்லை. தீங்கில்லாத கட்டி, கத்தி பட்டதால் புற்றுநோயாக மாறாது. பிறகு ஏன் இந்தப் பேச்சு? சிலருக்கு வந்திருப்பது உண்மையிலேயே புற்றுநோயாக இருக்கும். நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஆபரேஷன் செய்தும் நோய் தீராமல் போகலாம். பார்க்கிறவர்கள் கத்தியின் மேல் பழி போடுவார்கள். பழி கத்தியின் மேல் இல்லை. தாமதத்தின் மேல்தான்.

கட்டியை அறுத்து எடுப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. சுசுருதர் பழங்கால வைத்தியர். அவர் பெயரில் வடமொழியில் ஒரு வைத்திய நூல் இருக்கிறது. கட்டியை அறுக்கும் முறை அதில் உண்டு. மிச்சம் வைத்தால் கட்டி மறுபடியும் வளரும் என்றும் அந்த நூல் எச்சரிக்கிறது.

ஆபரேஷன் எப்படி நடக்கிறது?

கடைசியில் அந்தத் தொழிலாளி அரசு மருத்துவமனைக்குப் போனார். மனைவியும் கூடப் போனார். டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்தார். "சர்க்கரை நோய் உண்டா? ரத்தக் கொதிப்பு உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா?" என்று கேட்டார். இந்தக் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் அன்று கட்டியைச் சுற்றி ஊசி போட்டார்கள். சுருக்கென்று வலித்தது. சில நிமிஷத்தில் அந்த இடம் மட்டும் மரத்துப் போனது. இந்த ஊசியில் உள்ள மருந்தின் பெயர் லிக்னோகெயின். சுவீடன் நாட்டில் 1943-ஆம் ஆண்டு முதன்முதலாகத் தயாரித்தார்கள்.

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். டாக்டரின் கை படுவது தெரிந்தது. வலி தெரியவில்லை. டாக்டர் தோலைக் கீறிக் கட்டியை முழுதாக எடுத்தார். பிறகு தையல் போட்டார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார்.

எடுத்த கட்டியைத் தூக்கி எறியவில்லை. சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய் இருந்தால் அதில் தெரிந்துவிடும். முடிவை நாம் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

டாக்டர் சொல்லும் வரை கட்டு நனையக் கூடாது. முகத்தில் போட்ட தையலை 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். முதுகு, தோள் என்றால் 10 முதல் 14 நாள் ஆகும். காயம் சிவந்து வீங்கினாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

தொழிலாளி இரண்டு வாரம் மூட்டை தூக்கவில்லை. கூலியும் இல்லை. மனைவியின் கூலியில்தான் வீடு நடந்தது. கஷ்டம்தான். ஆனால் காயம் ஆறும் முன்பே சுமை தூக்கினால் தையல் விட்டுவிடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

கட்டியைப் பிதுக்காதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். சுண்ணாம்பு, ஆசிட் வைக்காதீர்கள். சூடு போடாதீர்கள். புண்ணாகிச் சீழ் பிடிக்கும். ரண ஜன்னியும் வரலாம்.

உடனே டாக்டரிடம் காட்டுங்கள்

கட்டி வேகமாக வளர்ந்தால்.
5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானால்.
கல் போலக் கெட்டியாக, நகராமல் இருந்தால்.
வலித்தால், ரத்தம் கசிந்தால், ஆறாத புண் ஆனால்.
மச்சத்தின் நிறமோ வடிவமோ மாறினால்.
பெண்களுக்கு மார்பில் எந்தக் கட்டி வந்தாலும்.

தையல் பிரிக்கும் தேதி சீட்டில் எழுதியிருந்தது. தொழிலாளி அதைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். சரியான நாளில் போனார். பரிசோதனை முடிவும் வந்திருந்தது. "வெறும் கொழுப்புக் கட்டி. புற்றுநோய் இல்லை" என்றார் டாக்டர்.

இப்போது தோளில் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. மூட்டையை மறுபடியும் வலது தோளில் வைக்கிறார். அவரோடு வேலை செய்யும் ஒருவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அவரும் கத்திக்குப் பயப்படுகிறார்.

"முதலில் போய்க் காட்டுவோம், வா. நானும் கூட வருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார் இவர்.