மண்ணுக்குள்ளிருந்து வரும் வாயு



பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து, மாளிகாவத்தை மாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் வேலை செய்யும் கடை முதலாளியின் மகள் கனடாவில் இருக்கிறார். அங்கே வீட்டின் நிலவறையில் சின்னப் பெட்டியொன்றை வைத்து ஏதோ வாயுவை அளக்கிறார்களாம். அது கூடினால் நுரையீரலில் புற்றுநோய் வருமாம்.

"அண்ணே, அந்த வாயு நம்ம ஊர்லயும் இருக்குமா? நான் இங்க மூணாவது மாடியில இருக்கேன். அம்மாவும் தங்கச்சியும் லயத்துல தரையில பாய் போட்டுப் படுக்கிறாங்க. யாருக்கு ஆபத்து?"

நல்ல கேள்வி. பதிலையும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வாயுவின் பெயர் ரேடன். கல்லிலும் மண்ணிலும் யுரேனியம் என்ற பொருள் மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிதையும்போது ரேடன் உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. வெளியே மலைக்காற்றில் கலந்துவிட்டால் ஒன்றுமில்லை. தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறி, மூடிய அறையில் தேங்கினால்தான் தொல்லை. மூச்சோடு உள்ளே போய், அதன் கதிர்வீச்சு நுரையீரலைத் தாக்குகிறது. இது ஓர் இரவில் நடப்பதல்ல. பல வருஷக் கணக்கு.

இப்படி வீட்டுக்குள் ஆபத்து இருக்கும் என்பது பரவலாகப் பேசப்பட்டதில் ஒரு தொழிலாளிக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த ஸ்டான்லி வாட்ராஸ் என்பவர் 1984 டிசம்பரில் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. வெளியே போகும்போது அடித்தால் சரி, உள்ளே வரும்போதே அடித்தது! நிலையமோ இன்னும் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கவேயில்லை. கடைசியில் அவருடைய வீட்டைப் போய் அளந்தார்கள். ஒரு கனமீற்றர் காற்றில் சுமார் 1 லட்சம் பெக்கரல் ரேடன் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன அளவு 100 பெக்கரல். அதற்குள் கொண்டுவர முடியாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக்கூடாது என்றது. கனடா 2007இலிருந்து 200 என்று வைத்திருக்கிறது. ஒரு பெக்கரல் என்றால், ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். தம்பியின் ஊரான பலாங்கொடைக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞர் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் முதலில் மண்ணையும் கல்லையும் படித்தவர். இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதிக்கு முதலாவது பணிப்பாளராக இருந்தார். பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கக்கல் சரளையில் கிடைத்த பாரமான கறுப்புக் கல்லொன்று 1904இல் புதிய கனியம் என்று தெரிய வந்தது, கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்குத் தோரியனைட்டு என்று பெயர். அதில் தோரியம் நிறைய உண்டு. தோரியம் சிதைந்தாலும் ரேடனின் தம்பி போல ஒரு வாயு வரும், தோரன் என்பார்கள். ரேடன் பாதியாகக் குறைய 3.8 நாள் எடுக்கும். தோரனுக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அதனால் அது சுவருக்கும் தரைக்கும் கிட்டவே நின்றுவிடும்.

இதைப் படித்துவிட்டு பலாங்கொடைக்காரர்கள் பயந்துவிட வேண்டாம். ஆற்றுச் சரளையில் ஒரு கல் இருந்தால் லயத்துக் காம்பராவில் வாயு கூடுதல் என்று அர்த்தமில்லை. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலிலும் தோரியம் மிகுதி. அங்கே சுமார் 70 ஆயிரம் பேரைப் பல வருஷம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனால் அது மண்ணிலிருந்து நேரே படும் கதிரைப் பற்றிய ஆய்வு. மூடிய அறைக்குள் தேங்கும் வாயுவின் கதை வேறு.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். வாயு மண்ணிலிருந்து வருவதால் மூன்றாம் மாடியில் அது பெரும்பாலும் குறைவு. தரையோடு இருக்கும் லயத்துக்குத்தான் வழி கூடுதல், அதுவும் சீமெந்துத் தரை வெடித்திருந்தால். ஆனால் கனடா வீடுகளைப் போல நம் லயங்கள் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டவை அல்ல. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலேயே காற்று போய் வரும். குளிருக்குப் பயந்து ஒரே ஜன்னலையும் சாக்கால் அடைத்து, ஆறு பேர் ஒரே காம்பராவில் படுக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஊகித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அளக்கும் முறை எளிது. சின்ன டப்பாவுக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். படுக்கும் அறையில், ஜன்னல், கதவு, அடுப்பு எல்லாவற்றுக்கும் தள்ளி, மூச்சு விடும் உயரத்தில் மூன்று மாதம் வைப்பார்கள். கதிர்வீச்சு பட்ட இடத்தில் பிளாஸ்டிக்கில் நுண்ணிய தழும்பு விழும். ஆய்வுகூடத்தில் அதைக் காரத்தில் ஊறவைத்து, நுணுக்குக்காட்டியில் தழும்புகளை எண்ணுவார்கள். வாயு விடியற்காலையில் கூடி மத்தியானம் குறையும். அதனால்தான் ஒரு நாள் அளவு போதாது. மழையும் பனியுமாகக் கதவடைத்திருக்கும் மாதங்களில் வைப்பது நல்லது.

கதிர்வீச்சு சம்பந்தமான வேலைகளுக்கு நம் நாட்டில் இலங்கை அணுசக்தி சபை இருக்கிறது. தம்பிக்கு இது தூரமில்லை. மாளிகாவத்தையிலிருந்து தெமட்டகொடைக்குப் போய், பேஸ்லைன் வீதியால் ஒருகொடவத்தைக்குப் போனால் அங்கேதான் அலுவலகம். தனியாளாகப் போவதைவிட, தோட்ட வைத்திய உதவியாளர் மூலமாக ஒரு டிவிஷனுக்கே சேர்த்து விசாரித்து எழுதுவது பலன் தரும்.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. தரை வெடிப்பைச் சீமெந்து போட்டு அடையுங்கள். கூரைக்குக் கீழே காற்று வழியை விட்டுவையுங்கள். பகலில் கதவைத் திறந்து போடுங்கள். இன்னொன்று, பீடியும் சுருட்டும். ஒரே அளவு ரேடன் இருந்தாலும், புகை பிடிப்பவருக்கு அதனால் வரும் ஆபத்து பிடிக்காதவரைவிட சுமார் 25 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மணமில்லாத இன்னொரு வாயு நமக்கு இதைவிட அவசரமானது. குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு வருஷக்கணக்குத் தேவையில்லை. விடிவதற்குள் ஆளைக் கொன்றுவிடும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அம்மாகிட்ட முதல்ல கரிச்சட்டி பத்தித்தான் சொல்லணும்," என்றார். அன்று இரவே ஊருக்கு டெலிபோன் எடுத்தாராம். அம்மா கேட்டது ஒன்றுதான்: "சட்டிய வெளிய வச்சா, குளிருக்கு இன்னொரு கம்பளி வாங்கி அனுப்புவியா?"